வலிப்பு வந்த குழந்தைக்கு எந்த ஊர்?

கடலூர் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் 1990களின் கடைசியில் ஆடுகளின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்துவந்தார்கள். தேடியது ஆட்டு நோயை அல்ல, குழந்தைகளைக் கொல்லும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. கிருமி சுமந்த வயல் கொசு கடித்தால் ஆடு படுத்துவிடாது. ஆனால் அதன் ரத்தத்தில் கிருமிக்கு எதிரான அடையாளம் தங்கிவிடும். அந்த அடையாளம் தெரிந்தால் ஊருக்குள் கிருமி சுற்றுகிறது என்று பொருள். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் வேலை இது. அதற்கு முன்பே அவர்கள் இந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளின் விரல்நுனி ரத்தத்தையும் பார்த்திருந்தார்கள். ஒருநாள்கூடப் படுக்காத பிள்ளைகளிடமும் தொற்றின் தடயம் இருந்தது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் குணமே அதுதான். ஏறத்தாழ 250 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் மூளை வீங்கும். இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது 1955இல், நம் வேலூரில். கொக்கும் பன்றியும் கிருமியைப் பெருக்குகின்றன. நட்ட வயலில் தேங்கும் நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு அதைச் சுமக்கிறது. மனித உடல் அதற்கு முட்டுச்சந்து, அங்கிருந்து இன்னொருவருக்குப் போகாது. வீராணம் தண்ணீர் பாயும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வயல்களில் சம்பா நட்டு, மழையும் பிடித்துக்கொண்டால் கொசுவுக்குக் குறைவே இல்லை.

தொற்றியவர்களில் பெரும்பாலோர் படுக்கவே மாட்டார்கள் என்றால் நோயை எப்படி எண்ணுவது? காய்ச்சலோடு ஒருவருக்கு மனம் குழம்பினாலோ, நினைவு தப்பினாலோ, புதிதாக வலிப்பு வந்தாலோ, எந்த வயதானாலும் எந்த மாதமானாலும் 'ஏ.இ.எஸ்.' (கடும் மூளையழற்சி அறிகுறித்தொகுப்பு) என்று முதலில் பதிவு செய்ய வேண்டும். காரணம் எந்தக் கிருமி என்பது அடுத்த கேள்வி. இந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது. 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின் தடுப்பூசி வந்தது. ஆனாலும் அதே அறிகுறிகளோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பல குழந்தைகளுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று பின்னர் தெரிந்தது. விலை மலிந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய் அது. ஒரே பெயரை மட்டும் தேடியிருந்தால் அந்தக் குழந்தைகள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள்.

கிருமியை உறுதிசெய்ய முதுகுத்தண்டு நீர்தான் நல்ல சாட்சி. முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் “முதுகுல ஊசி போட்டா புள்ள நடக்காமப் போயிடும்” என்ற பயம் நம் ஊரில் வேரோடியிருக்கிறது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது என்பதை மருத்துவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் பெற்றோர் ஒப்புக்கொள்வார்கள். பயந்தவர்களைக் குறைசொல்லி ஆவதில்லை.

அடுத்த சிக்கல் தூரம். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் குழந்தை சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகும், அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் போகும். சிகிச்சை நடப்பது புதுச்சேரியில், கொசு கடித்தது கடலூரில். சோதனை முடிவு அந்தக் கிராமத்துக்குத் திரும்பினால்தான் பூச்சியியல் குழு அங்கே கொசு பிடிக்கும், கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளைத் தேடுவார். சேர்க்கைச் சீட்டில் நகரத்து உறவினர் வீட்டு முகவரி இருந்தால் எல்லாம் தவறான தெருவில் நடக்கும். தனியார் மருத்துவமனை அறிவிக்காமல் விட்டால் எதுவுமே நடக்காது. தொற்றுநோயை அறிவிக்கச் சொல்லும் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939லேயே வந்துவிட்டது. ஆனாலும் கணக்கில் வராமல் போக இத்தனை வழி இருப்பதால் “இந்த ஆண்டு குறைவு” என்று கேட்டால் நான் உடனே மகிழ்வதில்லை. எத்தனை பேருக்குச் சோதித்தார்கள் என்று கேட்கிறேன்.

இன்னொன்று என்னை அதிகம் வருத்துகிறது. மூளை வீங்கியவர்களில் பத்தில் மூவர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்குப் பேச்சோ நடையோ நினைவோ முழுதாகத் திரும்புவதில்லை. பதிவேட்டில் அவர்கள் 'குணமடைந்தவர்கள்'. வீடு திரும்பியபின் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, வலிப்பு மாத்திரை கிடைக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறையாவது கேட்டு எழுதும் பத்தி ஒன்று அந்தப் பதிவேட்டில் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடலூர் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இலவசம்: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டையும் போடுங்கள். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். சீட்டு எழுதும்போது உங்கள் சொந்தக் கிராமத்தின் பெயரையே சொல்லுங்கள்.