வெயிலைத் தாங்குமா பெரோவ்ஸ்கைட்?

சிலிக்கானை மிஞ்ச வந்திருக்கும் புதிய பொருளுக்குக் கடைசித் தேர்வு இன்னும் பாக்கி.

சூரிய மின்கல ஆய்வாளர்களைக் கிறங்கடித்துவரும் பெரோவ்ஸ்கைட் என்ற பொருளுக்கு வெயில்தான் பிழைப்பு, வெயில்தான் எதிரி.

2009ல் ஜப்பானின் சுடோமு மியாசகா குழு முதன்முதலாக இதைக் கொண்டு மின்கலம் செய்தபோது, விழுந்த ஒளியில் 3.8 சதவிகிதம்தான் மின்சாரமானது. அதுவும் சில நிமிடங்களே. கலத்தினுள் இருந்த திரவம் பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டது. இன்று ஆய்வகத்தில் அதே பொருள் 26 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. இந்த உயரத்தை எட்ட சிலிக்கானுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

காரணம், செய்முறையின் எளிமை. சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டையோ மை போலக் கரைத்துக் கண்ணாடியில் பூசி, சுமார் 100 டிகிரியில் உலர்த்தினால் போதும். புதுப்புதுச் சேர்மானங்களைச் சளைக்காமல் சோதிக்க முடிந்தது.

அடுத்த கட்டமாக இரண்டையும் கூட்டு சேர்த்தார்கள். மேலே பெரோவ்ஸ்கைட், கீழே சிலிக்கான். நீல, பச்சை ஒளியை மேலடுக்கு பிடித்துக்கொள்ள, சிவப்பும் அகச்சிவப்பும் கீழே இறங்குகின்றன. சிலிக்கான் தனியாக 29.4 சதவிகிதத்தைத் தாண்ட முடியாது என்பது கணக்கு. சீனாவின் லோங்கி நிறுவனத்தின் இரட்டை அடுக்குக் கலம் 2024ல் 34.6 சதவிகிதத்தைத் தொட்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஒளிமின் ஆய்வு மையமும் 2023ல் இம்முறையில் 26 சதவிகிதத்தைக் கடந்தது.

ஆனால் இவை 25 டிகிரி வெப்பத்தில், சின்னஞ்சிறு கலங்களில் எடுத்த அளவுகள். ராஜஸ்தான் கோடையில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். கடலோரத்திலோ ஈரம். இரண்டுமே பெரோவ்ஸ்கைட்டின் படிகத்தைச் சிதைப்பவை. கண்ணாடி உடைந்தால் அதிலுள்ள ஈயம் கசியும் அபாயமும் உண்டு.

எனவே கடும் சோதனைகள். 85 டிகிரி வெப்பமும் 85 சதவிகித ஈரப்பதமும் உள்ள அறையில் பேனல் 1,000 மணி நேரம் கிடக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் இடையே 200 முறை குளிர்ந்து சூடாக வேண்டும். சிலிக்கான் பேனல்கள் தேறிவரும் தேர்வுகள் இவை.

பெரோவ்ஸ்கைட்டுக்கு இது போதாது. சோதனை அறை இருட்டு. ஒளி பட்டால் இந்தப் பொருளுக்குள் அயனிகள் இடம் பெயர்கின்றன; இரவில் ஓரளவு திரும்புகின்றன. பகலும் இரவும் மாறி மாறி வரும் வெட்டவெளியில், வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கூரையில் பேனல் போடுபவர் எதிர்பார்ப்பது 25 வருட உத்தரவாதம். பெரோவ்ஸ்கைட் மின்கலம் பிறந்தே இன்னும் 20 வருடம் ஆகவில்லை.