உங்களுக்குத் தெரியுமா? உயிர் காத்த பாராசூட்டே கல்யாண உடை!

இரண்டாம் உலகப் போரில் ஓர் அமெரிக்க விமானியின் உயிரைக் காத்த நைலான் பாராசூட், அவர் மனைவிக்குத் திருமண கவுனானது. அதே கவுனைப் பிறகு அவர்களின் மகளும் மருமகளும் தங்கள் திருமணத்தில் அணிந்தார்கள்!

• 1944 ஆகஸ்டில் ஜப்பானின் யவாட்டாமீது குண்டு வீசிவிட்டுத் திரும்பியபோது அவருடைய பி-29 விமானத்தின் எஞ்சின் தீப்பிடித்தது. இரவில் குதித்தவர் சீன மண்ணில் பாறைகள்மேல் விழுந்தார். விடியும்வரை பாராசூட்தான் தலையணை, அதுவே போர்வை.

• 1947இல் அதைக் காதலியிடம் நீட்டி, “இதில் கல்யாண கவுன் தைத்துக்கொள்” என்று திருமணப் பேச்சைத் தொடங்கினார். மேல்சட்டையையும் முக்காட்டையும் தையற்காரர் தைத்தார். பாவாடையை மணமகளே தைத்தார். பாராசூட் கயிறுகளை இழுத்துச் சுருக்கியதில் முன்பக்கம் குட்டையானது, பின்பக்கம் தரையில் புரண்டது.

• பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்கு இர்வின் பாராசூட் நிறுவனம் தங்க நிறப் புழு வடிவில் சிறிய சட்டை ஊசி வழங்கியது. முன்பு பாராசூட்டுக்குப் பட்டு நூல் தந்த புழுவுக்கு அது மரியாதை.

• பாராசூட் மட்டுமல்ல, உடைந்த விமானக் கண்ணாடிகளின் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளை இதய வடிவில் அறுத்து, மெருகேற்றி, காதலிக்குப் பதக்கமாக அனுப்பிய வீரர்களும் உண்டு.

அந்தப் பாராசூட் கவுன் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.