ஹாஜிகளின் விமானங்களும் பராமரிப்பில் நேரும் மனிதத் தவறும்

நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பகுதி முதியவர்களுக்கு 1974 டிசம்பர் 4 இன்னும் மறக்கவில்லை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த டிசி-8 விமானம் அன்றிரவு சப்த கன்னியர் மலையில் மோதியது. 182 ஹஜ் பயணிகளும் 9 பணியாளர்களும் உயிரிழந்தனர். நம் நாட்டில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை மிகப் பெரியது அதுதான். விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது விசாரணை.

நான்கு வருடங்களின் பின், 1978 நவம்பர் 15 அன்று, ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய இந்தோனேசியர்களுடன் இன்னொரு டிசி-8 கட்டுநாயக்கவுக்கு அருகில் விழுந்தது. 183 பேர் இறந்தனர். இலங்கை விசாரணை விமானிகளைக் குறை கூறியது. ஐஸ்லாந்துத் தரப்போ, விமான நிலையத்தின் தரையிறங்கல் வழிகாட்டிக் கருவி சரியாக இயங்கவில்லை என்றது.

விபத்து என்றதும் நாம் விமானியைப் பற்றித்தான் பேசுகிறோம். விமானம் புறப்படும் முன்னர் அதைத் தொட்டுப் பார்த்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர்களைப் பற்றிப் பேச வைத்த விபத்தும் ஹாஜிகளின் விமானத்துக்கே நேர்ந்தது.

1991 ஜூலை 11. ஜித்தாவிலிருந்து நைஜீரியாவின் சொகோட்டோவுக்கு 247 பயணிகளுடனும் 14 பணியாளர்களுடனும் நைஜீரியா எயார்வேஸ் 2120 புறப்பட்டது. பெயர்தான் நைஜீரியா. விமானமும் விமானிகளும் பராமரிப்பும் நேஷன்எயார் என்ற கனேடிய நிறுவனத்துடையவை. அதுவும் ஒரு டிசி-8. அதன் டயர்கள் இரண்டில் காற்றழுத்தம் குறைவாக இருந்தது. தலைமை மெக்கானிக்குக்கு அது தெரியும். நிரப்ப முயன்றார், நைதரசன் வாயு உடனே கிடைக்கவில்லை. பயணம் தாமதமாவதை விரும்பாத திட்ட முகாமையாளர் விமானத்தை அப்படியே அனுப்பிவிட்டார்.

காற்றுக் குறைந்த டயர் என்ன செய்யும் என்பது கொழுந்து ஏற்றும் லொறிச் சாரதிகளுக்கு நன்கு தெரியும். பின்புற இரட்டைச் சில்லில் ஒன்று தளர்ந்தால் பாரம் முழுவதும் அடுத்ததில் ஏறும். அது அளவுக்கு மீறி நசிந்து, சூடேறி, கடைசியில் வெடிக்கும். ஜித்தாவின் ஜூலை வெயிலில் நடந்ததும் இதுதான். ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கியவுடனேயே நல்ல டயர் வெடித்தது. தளர்ந்த டயரும் உடனே போனது. சுழலாமல் நின்ற சில்லு ஓடுபாதையில் உராய்ந்து தீப்பிடித்தது. கீழே தீ எரிவது விமானிகளுக்குத் தெரியாது. மேலெழுந்ததும் வழமைபோல் சில்லுகளை உள்ளே மடக்கினார்கள். எரியும் ரப்பர் விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. திரும்பி வந்து தரையிறங்க முயன்ற விமானம், ஓடுபாதைக்கு 3 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் விழுந்தது. 261 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இங்கே அறியாமை எங்கே? குறை தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்யும் வழியும் தெரிந்திருந்தது. இல்லாமல் போனது கொஞ்சம் வாயுவும் கொஞ்ச நேரமும்தான். அதைவிட முக்கியமாக, “இந்த விமானம் இன்று பறக்காது” என்று மெக்கானிக் சொன்னால் அதுவே கடைசி வார்த்தையாக இருக்கும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

கனடாவின் போக்குவரத்துத் திணைக்களத்தில் பணியாற்றிய கோர்டன் டுபொன்ட், பராமரிப்பில் மனிதரைத் தவறச் செய்யும் பன்னிரண்டு காரணங்களை 1993இல் தொகுத்தார். விமானப் பராமரிப்பாளர்களின் பயிற்சியில் இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. களைப்பு, கவனச் சிதறல் போன்ற எதிர்பார்க்கக்கூடியவை அதில் உண்டு. நேர நெருக்கடியும் வளக்குறைவும், துணிந்து மறுத்துச் சொல்லாமையும் உண்டு. இந்த மூன்றையும் ஜித்தாவில் காணலாம். “எப்போதும் இப்படித்தானே செய்கிறோம்” என்ற வழக்கத்தையும் அவர் ஒரு காரணமாகவே எழுதினார்.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானமொன்றின் முன்கண்ணாடி, 17,000 அடிக்கு மேல் பறக்கும்போது பிய்ந்து போனது. கப்டன் பாதி உடல் வெளியே தொங்கியபடி இருக்க, சக பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆச்சரியமாக, அவர் உயிர் பிழைத்தார். இரவு வேலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர், கழற்றிய பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றைத் தெரிவு செய்திருந்தார். 90 போல்ட்களில் 84 அரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாகச் சிறுத்தவை. சரியான இலக்கத்தைக் களஞ்சியப் பொறுப்பாளர் சொல்லியும் இருந்தார். ஆனால் கழற்றிய போல்ட்களே பெரும்பாலும் தவறானவை. நான்கு வருடம் அவை தாங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவர் சோம்பேறியுமல்ல, ஆள் போதாத இரவில் வேலையைத் தானே இழுத்துப்போட்டுச் செய்தவர்.

இப்படியான ஒருவரைத் தண்டிப்பதோடு கோப்பை மூடினால், அடுத்தவர் தன் தவறை மறைக்கக் கற்றுக்கொள்வார். அதனால்தான் முக்கியமான பாகங்களை ஒருவர் பொருத்த, இன்னொருவர் தனியே பரிசோதித்துக் கையொப்பமிடும் முறையும், தவறைத் தானே அறிவிப்பவரைப் பழிவாங்காத முறையும் விமானத்துறையில் வலியுறுத்தப்படுகின்றன. நம்மவர்களோ விபத்தைக் கத்ர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஈமான் கொண்டவர் அப்படிச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் டயரில் காற்று பார்க்க வேண்டியவரின் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது.

நான் சொன்ன மூன்று ஹஜ் விமானங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே வேறொரு நிறுவனத்துக்காக வாடகைக்குப் பறந்தவை. ஹஜ் பருவத்தில் குறுகிய நாட்களில் பெருங்கூட்டத்தைக் கொண்டு சேர்க்க வேண்டும். அப்போது வாடகை விமானமும் வரும், அவசரமும் வரும். வாடகை விமானம் என்பதாலேயே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹஜ், உம்ரா முகவரிடம் போகும் நாம் கட்டணத்தைக் கேட்கிறோம், ஹரமிலிருந்து ஹோட்டல் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம், சாப்பாடு எந்த நாட்டுச் சாப்பாடு என்றுகூடக் கேட்கிறோம். விமானம் யாருடையது, அதைப் பராமரிப்பது யார் என்பதையும் அந்தக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்கலாம்.