காதில் பாட்டு, கையில் வேலை

ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேறு அலுவலாகப் போயிருந்தேன். திரும்பும்போது ஒரு தாய் என்னை மறித்துக்கொண்டார். "மிஸ், நீங்களாவது எங்க மகளுக்குச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்றா. பார்த்தா நாள் முழுக்கக் காதுல பாட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. இது என்ன வேலை?"

மகளுக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவள். பிறகு மாத்தளை நகரில் ஒரு பாடநெறியும் முடித்து, இப்போது கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்நிரல் எழுதுகிறாள். ஆறு மாதம் பயிற்சிக் காலம். கொடுத்த வேலையைப் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் அக்காவைப் போல ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

அவளுடைய மேசை லயத்து இஸ்தோப்பில் கிடக்கிறது. உள்ளே தொலைக்காட்சி, பக்கத்துக் காம்பராவில் வானொலி, வெளியே பிள்ளைகளின் விளையாட்டு. "பாட்டுப் போடலேன்னா டீவியில பேசுறதெல்லாம் என் புரோகிராமுக்குள்ள வந்திரும் மிஸ்" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "ஆனா பாட்டுக் கேட்டுக்கிட்டே செஞ்சா பிழை விட்டாலும் கண்ணுல படமாட்டேங்குது" என்றும் சொன்னாள். தாயின் கேள்விக்கும் மகளின் கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வேலையும் பாட்டும் நமக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களைத் தேடி வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று இந்த மாத்தளை. அவர்களோடு பாட்டும் வந்தது. கொழுந்து மலையில் பாட்டு, தொட்டிலில் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. மலையகத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களில் சி.வி. வேலுப்பிள்ளையை நாம் மறக்க முடியாது. கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனம் சோர்ந்துவிடும். அந்தச் சோர்வைப் பாட்டு போக்கியது.

இதை மற்ற நாட்டாரும் கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1940 ஜூன் மாதம், பி.பி.சி. வானொலி தொழிற்சாலைத் தொழிலாளருக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. சத்தம் திடீரென்று ஏறி இறங்காத, ஒரே சீரான இசையையே அதற்குத் தெரிவு செய்தார்கள். கேட்பவர் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டத் தொடங்குவார் என்பதால் ஒரு பிரபலமான அமெரிக்கப் பாட்டை அதில் சேர்க்காமலே விட்டார்கள்.

ஆனால் செய்நிரல் எழுதுவது கொழுந்து பறிப்பது போன்ற வேலையல்ல. கணினிக்கு "இதைச் செய், இப்படியானால் அதைச் செய்" என்று படிப்படியாகக் கட்டளை எழுதவேண்டும். முன்னால் எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டே அடுத்ததை எழுதவேண்டும். அது சொற்களாலும் எண்களாலும் ஆன வேலை. பாட்டின் வரிகளும் சொற்கள்தான். இரண்டும் மனதின் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. 1989இல் சலாமே, பாட்லி என்ற இரு ஆய்வாளர்கள், எண்களைக் குறுகிய நேரம் நினைவில் வைத்திருப்பதை வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டே கூடுதலாகக் குழப்புகிறது என்று காட்டினார்கள். புரியாத மொழியில் பேச்சுக் கேட்டாலும் இத்தகைய நினைவு குழம்புகிறது என்று 1976இலேயே ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. ஆகவே ஹிந்திப் பாட்டுக்கு மாறிக்கொண்டால் சரி என்று எண்ணிவிட முடியாது.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1960களில் நடந்த ஒரு பரிசோதனை இன்னும் சுவையானது. ஒரு பகுதி மாணவர் அமைதியான அறையிலும், மற்றவர் காதில் இசையோடும் ஒரே செய்நிரலை எழுதினார்கள். வேகத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் கொடுத்த கணக்கில் ஒரு சூட்சுமம் இருந்தது. எல்லாக் கூட்டல் பெருக்கலும் முடிந்தபின் விடை, தொடங்கிய எண்ணாகவே வரும்! கணக்கே தேவையில்லை என்று கண்டுபிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அமைதியான அறையில் இருந்தவர்கள்.

அப்படியானால் பாட்டை நிறுத்திவிடுவதா? அதுவும் சரியல்ல. 2005இல் தெரேசா லெசியுக் என்பவர் கனடாவில் 56 மென்பொருள் உருவாக்குநர்களை ஐந்து வாரம் கவனித்தார். தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்கள், அதை நிறுத்திய காலத்தில் உற்சாகம் குறைந்தார்கள். வேலையின் தரமும் இறங்கியது, நேரமும் கூடியது.

எனவே வேலையைப் பார்த்து இசையைத் தெரிவு செய்யுங்கள் என்றே நான் அந்தத் தங்கைக்குச் சொன்னேன்.

பழகிய வேலையை, ஒரே மாதிரியானவற்றைத் தட்டச்சு செய்யும்போது பிடித்த சினிமாப் பாட்டே போதும்.

புதிதாக ஒன்றை எழுதும்போது வரிகளில்லாத இசையாக இருக்கட்டும். என். ரமணியின் புல்லாங்குழல் உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆகிய இசைத் தொகுப்புகள் உண்டு. தெரிந்த சினிமாப் பாட்டை வாத்தியத்தில் கேட்டால் மனம் தானாக வரிகளைப் பாடும். அதைத் தவிருங்கள். ஒவ்வொரு பாட்டாகத் தேடிக்கொண்டிராமல் தொடங்குமுன்பே ஒரு மணி நேரத்துக்கானதை ஒழுங்கு செய்துவிடுங்கள்.

பிழை தேடும்போதும் புதியதைப் படித்து விளங்கும்போதும் அமைதியே நல்லது.

சத்தத்தை அடக்க இன்னும் சத்தம் கூட்டாதீர்கள். கருவியின் உச்ச ஒலியில் 60 வீதத்துக்குள் வைத்துக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கடைசிக்கு முந்திய ஆலோசனையைக் கேட்டு அவள் சிரித்தாள். "அமைதிக்கு எங்க மிஸ் போறது?"

சமூகவியல் படித்த எனக்கு அந்தச் சிரிப்பு உறுத்தியது. அவளுடைய தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தபோது அதே வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தி வைத்தார்களாம். அவன் படிப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வெயிலில் நில்லாமல், கூடை சுமக்காமல், பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் செய்வது மட்டும் வேலையாகத் தெரியவில்லை. அதனால்தான் நடுவில் எழுப்பித் தேநீர் ஊற்றச் சொல்கிறோம்.

தாயை அழைத்து மகளின் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் தான் எழுதியதைக் காட்டி, "இதுல ஒரு புள்ளி தவறினாலும் எல்லாம் நின்னுரும்மா" என்று விளக்கினாள். தாய் நீண்ட நேரம் திரையையே பார்த்தார். கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? "அப்ப எத்தனை மணிக்குச் சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லு" என்றார்.

இப்போது மாலை ஐந்து முதல் ஏழு வரை அந்த வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லியிருக்கிறார்களாம். பிழை திருத்துவதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில். மற்ற வேளைகளில் புல்லாங்குழல். பயிற்சிக் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் ஒரு மகள் இருக்கலாம். பாட்டை நிறுத்தச் சொல்லுமுன் அவளுக்கு எந்த நேரத்தில் அமைதி தேவை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.