என் சுவையும் வல்லார் சொல்லும்

பழக்கமில்லாத பொருள் ஒன்றின் முன்னே முதன்முறையாக நிற்கிறோம். அது ஓர் ஓவியமாக இருக்கலாம்; பழைய செப்புத் திருமேனியாக இருக்கலாம்; இதுவரை கேட்டறியாத ஓர் இராகமாகவும் இருக்கலாம். நமக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பவரோ, "ஆகா, என்ன அருமை!" என்று உருகுகிறார். அவர் அத்துறையில் தேர்ந்தவர் என்றும் அறிகிறோம். அப்போது நாம் என்ன செய்கிறோம்? நம்மில் பலர் அவரோடு சேர்ந்து தலையாட்டிவிடுகிறோம். வேறு சிலர், "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆகவே இதில் ஒன்றும் இல்லை" என்று நடையைக் கட்டிவிடுகிறார்கள். முன்னவருக்குப் பணிவு என்றும், பின்னவருக்குத் துணிவு என்றும் உலகம் பெயர் வைக்கக்கூடும். எனக்கு இருவர் மீதும் குறை உண்டு. எதிரே இருந்த பொருளை இருவருமே பார்க்கவில்லை.

"அப்படியானால் வல்லாரை நம்புவதா, எங்கள் சுவையை நம்புவதா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் ஹாலந்து நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும். வல்லாரை எள்ளி நகையாடுவதற்கென்றே பலரும் சொல்லும் கதை அது. நான் அதை வேறொரு காரணத்துக்காகச் சொல்ல விரும்புகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில், டெல்ஃப்ட் என்னும் ஊரில், யோஹானஸ் வெர்மீர் என்றோர் ஓவியர் வாழ்ந்தார். 1632இல் பிறந்து 1675இல் மறைந்தவர். சன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் கடிதம் படிக்கும் பெண், பால் ஊற்றும் பணிப்பெண் என்று வீட்டுக்குள் நிகழும் அமைதியான காட்சிகளைத் தீட்டியவர். அவருடையவை என்று இன்று அறியப்படும் ஓவியங்கள் 35 அளவில்தான் இருக்கும். இளமையில் அவர் சமயக் காட்சிகளையும் தீட்டியிருக்கிறார் என்பதற்கு ஒரு படம் சான்றாகக் கிடைத்திருந்தது. அப்படி இன்னும் சில இருந்திருக்க வேண்டும், என்றேனும் ஒருநாள் அவை அகப்படும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் எதிர்பார்த்துக் காத்திருந்தனர்.

1937ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட படம் ஒன்று வெளிப்பட்டது! உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு என்னும் ஊரில் சீடர் இருவரோடு உணவுக்கு அமர்ந்து அப்பத்தைப் பிட்கும் காட்சி. அப்படம் ஆபிரகாம் பிரேடியஸ் என்னும் அறிஞரின் பார்வைக்கு வந்தது. பிரேடியஸ் சாதாரணமானவர் அல்லர். ஹேக் நகரிலுள்ள மௌரிட்ஸ்ஹவுஸ் காட்சிச்சாலையின் தலைவராக இருபது ஆண்டுகள் விளங்கியவர். டச்சு ஓவியங்களைப் பற்றி அவர் சொல்வதே முடிந்த முடிபு என்று கருதப்பட்ட காலம் அது. அப்போது அவருக்கு வயது 82. படத்தைக் கண்டார், மெய்ம்மறந்தார். அவ்வாண்டு நவம்பரில் லண்டனிலிருந்து வெளிவரும் 'பர்லிங்டன் மாகஸின்' இதழில், வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்றே இதைச் சொல்லலாம் என்னும் கருத்துப்பட எழுதினார். ராட்டர்டாம் நகரத்துப் போய்மன்ஸ் காட்சிச்சாலைக்காக ஐந்து இலட்சம் கில்டருக்கும் மேல் கொடுத்து அதை வாங்கினார்கள். 1938இல் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கூட்டம் கூட்டமாக வந்து மக்கள் கண்டு உருகினார்கள்.

அதைத் தீட்டியவர் ஹான் வான் மேகெரன்; அப்போது உயிரோடு இருந்தவர். தம் சொந்த ஓவியங்களைத் திறனாய்வாளர்கள் மதிக்கவில்லை என்ற மனக்கசப்பு அவருக்கு இருந்தது. பணத்தாசையும் இருந்தது என்று சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மதிப்பில்லாத ஒரு பழைய படத்தை வாங்கி, அதன்மேல் இருந்த வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, அந்தத் துணியின் மீதே தீட்டினார். எண்ணெய் வண்ணம் முழுவதும் இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடைத்தால் புதிய வண்ணம் கரைந்து வந்துவிடும். பழைய வண்ணம் கரையாது. போலிகளைக் கண்டுபிடிக்க அந்நாளில் வழங்கிய சோதனை இது. இதனை வெல்லுவதற்காக வான் மேகெரன், பேக்லைட் செய்யப் பயன்படும் பீனால் ஃபார்மால்டிஹைடு பிசினை வண்ணத்தோடு கலந்து, படத்தை அடுப்பில் வைத்துச் சூடேற்றினார். வண்ணம் கல்லைப்போல் இறுகிற்று. பிறகு துணியை உருளையில் சுற்றி மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்கினார். வெடிப்புகளில் முந்நூறு ஆண்டுத் தூசி படிந்தாற்போல் தோன்ற மையையும் தடவினார்.

1945இல் போர் முடிந்தது. நாஜித் தலைவர் கோரிங்கின் உடைமைகளுக்கிடையே வெர்மீர் ஓவியம் என்று சொல்லப்பட்ட படம் ஒன்று அகப்பட்டது. விற்றவர் யார் என்று விசாரித்தபோது வழி வான் மேகெரனிடம் போய் முடிந்தது. நாட்டின் செல்வத்தைப் பகைவனுக்கு விற்ற துரோகி என்று அவரைச் சிறையில் அடைத்தார்கள். சில வாரங்கள் பேசாமல் இருந்தவர், முடிவில், "நான் விற்றது வெர்மீர் அன்று, நானே தீட்டியது" என்றார். எவரும் நம்பவில்லை. கள்ளன் தன் களவை மெய்ப்பிக்கக் கெஞ்சிய விந்தையை வேறெங்கும் நான் படித்ததில்லை! காவலர் சூழ்ந்திருக்க, வெர்மீரின் பாணியில் மற்றொரு படத்தை அவர் தீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. 1947இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்கும் முன்பே, அவ்வாண்டு டிசம்பரில் இறந்துபோனார்.

"பார்த்தீர்களா, வல்லார் சொல்லின் அழகை!" என்று இவ்விடத்தில் பலர் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கோ ஆராய வேண்டிய பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பிரேடியஸ் எதனால் ஏமாந்தார்? அவரிடம் அறிவு குறைந்ததாலா? இல்லை. அன்று அவர் தம் அறிவைப் பயன்படுத்தியதைக் காட்டிலும் தம் சுவையையே மிகுதியாக நம்பினார். படம் அவரை உருக்கிற்று. உருக்கியதனால் அது வெர்மீருடையது என்று கொண்டார். இத்தகைய படம் ஒன்று கிடைக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குத் துணை நின்றது. ஆக, அவர் எழுதியது வல்லார் உடை அணிந்து வந்த ஒரு தனிமனிதரின் விருப்பமே. உலகம் உடையைப் பார்த்து வணங்கிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே 1937இல் டுவீன் என்ற பெரிய ஓவிய வாணிக நிலையத்தின் ஆட்கள் பாரிஸில் இப்படத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் போலி என்று நியூயார்க்கிலிருந்த தலைமையிடத்துக்குத் தந்தி அடித்திருந்தார்கள். அவர்களும் படங்களோடு பழகித் தேர்ந்தவர்களே. ஆகவே இதை அறிஞர் ஒருபுறம், பாமரர் மறுபுறம் என்று பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. மக்களும் ஏமாந்தார்கள், வல்லாரில் ஒரு சாராரும் ஏமாந்தார்கள், வல்லாரில் மற்றொரு சாரார் ஏமாறவில்லை.

பின்னர் உண்மையை நிலைநாட்டியது யார் என்று பாருங்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் கோரமன்ஸ் தலைமையில் வேதியியல் ஆய்வு நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய அந்தப் பிசின் வண்ணத்தில் கலந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகும், எம்மாவுப் படம் மெய்யான வெர்மீரே என்று டேகோன் என்னும் திறனாய்வாளர் 1951இல் நூலே எழுதினார். தம் கண் பொய் சொல்லாது என்ற உறுதி அவருக்கு. அந்த வழக்கையும் அறிவியல்தான் தீர்த்தது. வெண்மை வண்ணத்தில் காரீயம் இருக்கிறது. காரீயத்தை அதன் தாதுவிலிருந்து உருக்கிப் பிரிக்கும்போது ரேடியத்தின் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். ஆனால் கதிரியக்கமுடைய காரீயம்-210 உலோகத்தோடு தங்கிவிடும். அது 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்துகொண்டே வரும். முந்நூறு ஆண்டுப் படத்தில் அது தேய்ந்து, எஞ்சிய ரேடியத்தின் அளவோடு சமநிலைக்கு வந்திருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரில் ஆராய்ந்த பெர்னார்டு கெய்ஷ், எம்மாவுப் படத்தில் அது மிகுதியாக இருப்பதை 1968இல் வெளியிட்டார். அந்த வண்ணம் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அதாவது இருபதாம் நூற்றாண்டில், செய்யப்பட்டது என்பதில் பின்னர் ஐயமே இல்லை.

கெய்ஷ் சொன்னதை நாம் நம்புவதற்கும், பிரேடியஸ் சொன்னதை உலகம் நம்பியதற்கும் வேறுபாடு உண்டு. கெய்ஷ் தம் அளவுகளை வெளியிட்டார். கருவியும் பயிற்சியும் உடைய எவரும் அதே சோதனையைச் செய்து, "நீர் சொன்னது தவறு" என்று காட்டலாம். பிரேடியஸின் உருக்கத்தை யார் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கண்ணை விட்டு நாவுக்கு வருவோம். குன்னூரில் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடும் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நீண்ட மேசைமேல் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நிறையுள்ள இலை, ஒரே அளவு வெந்நீர், ஒரே நேரம். அவர் ஒரு கரண்டி எடுத்து, வீட்டில் குழந்தைகள் செய்தால் அதட்டுவோமே, அப்படி 'சர்'ரென்று ஓசையுடன் உறிஞ்சினார்; உடனே துப்பினார். "இதில் இலை சரியாக வாடவில்லை. இதில் உலர்த்தும்போது சூடு மிகுந்துவிட்டது." எனக்கோ எல்லாம் ஒரே துவர்ப்பாகத்தான் இருந்தது. அவர் சொன்னவற்றை நான் ஏன் ஏற்றுக்கொள்கிறேன்? தொழிற்சாலைக்குச் சென்று விசாரித்தால் மெய்யும் பொய்யும் தெரிந்துவிடும். அவ்வாறு நாள்தோறும் சோதிக்கப்பட்டுப் பண்பட்ட நாக்கு அது. ஆனால் அவர், "இதுதான் மிகச் சிறந்தது" என்று ஒரு கிண்ணத்தைக் காட்டியபோது நான் சற்றே தயங்கினேன். அவர் சொன்ன சிறப்பு ஏலச் சந்தையின் சிறப்பு. பாலும் சர்க்கரையும் கலந்து காலையில் நான் குடிக்கும் தேநீருக்கு அவர் ஏன் நடுவராக வேண்டும்?

நாவின் வல்லமையையும் சோதிக்க இயலும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்றாராம். உடன் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் அவரைக் கேலி செய்யவில்லை, நம்பிவிடவும் இல்லை. சோதனை ஒன்றை வகுத்தார். அவ்வகைச் சோதனையை 1935இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார். எட்டுக் கிண்ணங்கள், நான்கு ஒரு வகை, நான்கு மற்றொரு வகை, வரிசை குலைத்துக் கொடுக்கப்படும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே வெறும் குருட்டு ஊகத்தால் நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் ஒன்றுதான். மூன்று சரி, ஒன்று தவறு என்று சொல்வதற்கோ 16 வழிகள் இருக்கின்றன. அதைத் திறமை என்று கொள்வதற்கில்லை. வல்லார் என்று பெயர் பெற்றவரையும், "என் நாக்கு எனக்குத் தெரியும்" என்று வாதிடும் நம் நண்பரையும் ஒரே மேசையில் அமர்த்தும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. பெயரையும் விலையையும் மறைத்துவிட்டால் நம் சுவையில் எவ்வளவு மிஞ்சும் என்று நண்பர்கள் சேர்ந்து வீட்டிலேயே பார்க்கலாம். செலவு எட்டுக் கிண்ணத் தேநீர்தான்.

மாணவர்களின் கேள்விக்குள் மூன்று கேள்விகள் மறைந்திருக்கின்றன. இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது ஒன்று. அதில் பிறருக்கு அதிகாரம் இல்லை. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வது பொய். இதை யார் செய்தார், எப்போது செய்தார், எதனால் செய்தார் என்பது இரண்டாவது. அதில் என் விருப்பத்துக்கு இடமே இல்லை. பாலத்தின் உறுதியும் மருந்தின் பயனும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இது நல்லதா என்பதுதான் நடுவில் நின்று தொல்லை தரும் கேள்வி. இங்கே வல்லாரிடம் நான் தீர்ப்பைக் கேட்பதில்லை. சுட்டிக் காட்டச் சொல்கிறேன். "இந்த இராகத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், நல்ல ரசிகர், "இந்தச் சுரத்தை எப்படி அசைத்து நிறுத்துகிறார், கேளுங்கள்" என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு முறை கேட்ட பிறகும் என் மனம் அசையவில்லையானால் அவ்வாறே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அசைந்துவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். சுட்டிக் காட்ட ஒன்றுமின்றி, "உமக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லும் வல்லாரிடம் எனக்கு வேலை இல்லை.

எம்மாவுப் படம் இன்றும் ராட்டர்டாம் காட்சிச்சாலையின் உடைமையாகவே இருக்கிறது. அதன் நகலைக் கண்டவர்களுக்கு ஒன்று எளிதில் புலப்படும். கனத்துத் தாழ்ந்த இமைகள், குழி விழுந்த கன்னங்கள், ஒரு வகைச் சோகம். அந்த முகங்கள் வெர்மீர் காலத்து முகங்களாகத் தோன்றுவதில்லை. 1930களின் திரைப்பட நடிகர்களை நினைவூட்டுகின்றன. அக்காலத்து மக்களுக்கு இது தெரியவில்லை. தங்கள் காலத்துக்குப் பிடித்த முகத்தையே அதில் கண்டதனால்தான் அவர்கள் அவ்வளவு உருகினார்கள் போலும்.