கார் டிக்கிக்கான வீட்டுத் தயாரிப்பு மேல்தளம்

டிக்கி மேல்தளம் என்பது காரின் பின்புறச் சரக்கு அறையில், அதன் அசல் தரைக்குச் சற்று மேலே அமைக்கப்படும் இரண்டாவது தட்டையான தரையாகும். ஹேட்ச்பேக் வகைக் கார்களிலேயே இதன் தேவை அதிகம். இவற்றில் பலவற்றின் டிக்கித் தரை, வாசல் விளிம்பை விட நன்கு தாழ்ந்திருக்கும். கனமான பெட்டியை அந்த விளிம்புக்கு மேல் தூக்கி, பிறகு உள்ளே குனிந்து இறக்க வேண்டும். பின் இருக்கையின் சாய்மானத்தை மடித்தாலும் சிக்கல் தீராது. அது இருக்கையின் மேலேயே படிவதால் டிக்கித் தரையை விட உயர்ந்து, நடுவில் ஒரு படி நிற்கும். மேல்தளம் இந்த இரண்டையும் சமன் செய்கிறது. அடியில் கருவிகளும் குடையும் வைக்க இடமும் கிடைக்கிறது.

வோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற சில கார்களில், இரண்டு உயரங்களில் மாற்றி வைக்கத்தக்க தளத்தை நிறுவனமே தருகிறது. ஹோண்டா ஜாஸ் வேறு வழியில் சென்றது. எரிபொருள் தொட்டியை முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்ததால், பின் இருக்கைகளைத் தாழ மடிக்க அதில் இடம் கிடைத்தது. இத்தகைய ஏற்பாடு இல்லாத கார்களுக்கு ஒட்டுப்பலகையும் ரீப்பரும் கொண்டு ஒரு விடுமுறை நாளில் மேல்தளம் செய்துவிடலாம்.

உயரமும் ஆபத்தும்

உயரத்தைத் தீர்மானிப்பதே இந்த வேலையின் முக்கிய கட்டம். வாசல் விளிம்பு, மடித்த சாய்மானத்தின் மேற்பரப்பு ஆகிய இரண்டின் உயரங்களையும் அளந்து, தாழ்ந்ததற்குச் சமமாகத் தளத்தை வைப்பது வழக்கம். ஆனால் தளம் எவ்வளவு உயர்கிறதோ, அதன் மேல் வைக்கும் பொருளும் அவ்வளவு உயரும். கார் திடீரென நிற்கும்போது டிக்கிப் பொருள்கள் முன்னே பாயாமல் தடுப்பது பின் இருக்கையின் சாய்மானம்தான். தளத்தை 20 செ.மீ. உயர்த்தினால் அந்தத் தடுப்புச் சுவரில் 20 செ.மீ. குறைந்துவிடுகிறது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி 0.1 விநாடியில் நிற்பதாகக் கொள்வோம். அப்போது உள்ளே இருக்கும் 20 கிலோ பெட்டியை நிறுத்தச் சராசரியாக சுமார் 2,800 நியூட்டன் விசை தேவை. ஏறக்குறைய 280 கிலோ எடை அழுத்துவதற்கு இது சமம். தளத்தின் பலகைக்கும் இதே கணக்குதான். 5 கிலோ பலகை அந்தக் கணத்தில் 70 கிலோ எடைக்கு ஈடாக முன்னே தள்ளும். பின் இருக்கையில் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு உயரத்தை முடிவு செய்தால், இரண்டு செ.மீ. படி மிச்சமிருப்பது பெரிய குறையாகத் தோன்றாது.

ஆகவே பொருள்களைப் பலகையோடு கட்டக் கூடாது. பலகையில் நீள்துளைகள் இட்டு, பட்டைகளை அவற்றின் வழியே இறக்கி, டிக்கித் தரையில் நிறுவனம் பொருத்தியுள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும். பலகைச் சட்டத்தையும் அதே கொக்கிகளில்தான் கட்ட வேண்டும். கொக்கி இல்லை என்பதற்காகக் காரின் தகட்டில் துளையிடுவது தவறு. அடியில் எரிபொருள் குழாயோ மின்கம்பியோ பிரேக் குழாயோ செல்லலாம். துளையிட்ட இடம் துருவும் பிடிக்கும்.

பலகையும் தாங்கலும்

ஈரக் குடையும் காய்கறிப் பையும் வைக்கும் இடம் என்பதால், சாதாரண எம்.ஆர். தர ஒட்டுப்பலகையை விட பி.டபிள்யூ.ஆர். தரம் ஏற்றது. ஐ.எஸ். 710 தரப் பலகை இன்னும் உறுதி, விலையும் கூடுதல். ஒரு மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம் கொண்ட 12 மி.மீ. பலகை ஏறக்குறைய 5 கிலோ இருக்கும், 18 மி.மீ. பலகை ஏழரைக் கிலோவைத் தொடும்.

பலகையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்பக் கூடும். 12 மி.மீ. பலகையை விட 18 மி.மீ. பலகை மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் எடையைக் கூட்டாமல் விறைப்பைப் பெற வேறு வழி உண்டு. தாங்கல்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால், நடுவில் வைக்கும் அதே பளுவுக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். நடுவில் ஒரு கால் வைத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் பல கார்களில் அந்த இடத்தில்தான் ஸ்டெப்னி கிடக்கிறது. அதை மூடியிருக்கும் மெல்லிய அட்டை பளுவைத் தாங்காது. எனவே கால்களை ஓரங்களில், உலோகத் தரை மேல் நிறுத்தி, நடுப்பகுதிக்கு அடியில் ரீப்பரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி ஒட்டித் திருகுவது நல்லது. பக்கவாட்டு பிளாஸ்டிக் உறையின் மேல் பலகையை அமர்த்தக் கூடாது. அது அழகுக்கு வைத்தது. பலகையின் மேல்தாள் ரேகை, ஒரு தாங்கலிலிருந்து மறு தாங்கலை நோக்கி ஓட வேண்டும்.

டிக்கியின் ஓரங்கள் நேராக இருப்பதில்லை என்பதால் முதலில் அட்டைப் பெட்டியை வெட்டி அச்சு எடுக்க வேண்டும். விரிப்பு ஒட்டும் தடிமனுக்காகச் சுற்றிலும் சில மி.மீ. குறைத்தே பலகையை அறுக்க வேண்டும். டிக்கியின் உள் அகலத்தை விட வாசல் குறுகலாக இருக்கும் காரில், ஒற்றைப் பலகை உள்ளே நுழையாது. இரண்டாக அறுத்துக் கீல் போட்டால் அந்தச் சிக்கல் தீரும். பின்பாதியை மட்டும் தூக்கி அடியிலிருப்பதை எடுக்கவும் முடியும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பலகை படும் இடங்களில் கம்பளித் துணி ஒட்டினால் கடகடவென்ற சத்தம் இராது.

மறைக்கக் கூடாதவை

குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி சில கார்களில் டிக்கிப் பக்கம் இருக்கும். சில ஹைபிரிட் கார்களில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும். இவை இரண்டும் திறந்தே இருக்க வேண்டும். டிக்கியில் சி.என்.ஜி. உருளை உள்ள காரில், அதைச் சுற்றிக் காற்றுப் புகாத பெட்டி போல் தளம் அமைக்கக் கூடாது. கசிந்தால் அந்த வாயு மேலெழுந்து பலகைக்கு அடியில் தேங்கும். உருளையின் அடைப்பு வால்வைக் கை உடனே எட்ட வேண்டும். ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் இதே விதிதான். தளம் முடிந்ததும் அதன் மேல் சரக்கை ஏற்றி, பிறகு எல்லாவற்றையும் இறக்கி ஸ்டெப்னியை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை பார்த்துவிடலாம்.