சிட்னி – ஹோபாட் பாய்ப்படகுப் பந்தயம் பிறந்த கதை

ஆண்டுதோறும் டிசெம்பர் 26ஆந் திகதி சிட்னித் துறைமுகத்தினின்று பாய்ப்படகுகள் பல புறப்பட்டு, அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடி, பாஸ் நீரிணையைக் கடந்து, 628 கடல்மைலுக்கு அப்பால் தஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபாட் நகரை அடைகின்றன. கடலோடிகள் அஞ்சி மதிக்கும் இவ்வோட்டத்தை முதலில் எண்ணியவர்கள் பந்தயமொன்றை எண்ணினாரல்லர்.

இரண்டாம் உலகப் போர் முடியுமுன், 1944இல், சிட்னியிலே பாய்ப்படகுப் பிரியர் சிலர் கூடிக் கழகமொன்றை அமைத்தனர். போட்டியின்றி ஆறுதலாகக் கடலில் உலாவி வருவதே அவர்களது விருப்பம். அவர்களுள் ஒருவரான பீற்றர் லூக்கும் நண்பர்களும் 1945ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் ஹோபாட் வரை போய்வரத் திட்டமிட்டிருந்தனர். அப்பொழுது சிட்னியிற் பணியாற்றிய பிரித்தானியக் கடற்படை அதிகாரி கப்டன் ஜோன் இலிங்வேர்த் என்பார் கழகத்தில் உரையாற்ற வந்தார். அவரையும் உடன்வருமாறு அழைத்தனர். பந்தயமாக வைப்பதாயின் வருவேன் என்றார் அவர். அவ்வாறே வைத்தனர்.

ஒன்பது படகுகள் புறப்பட்டன. தெற்கிலிருந்து கடும்புயல் எதிர்த்து வீசிற்று. பிற படகோட்டிகள் சிலர் ஓட்டத்தைத் தணித்துப் புயல் அடங்கும்வரை பொறுத்திருக்க, இலிங்வேர்த்தோ 35 அடி நீளமே உள்ள தமது ‘ராணி’யை (தமிழ்ச் செவிக்குப் பழகிய பெயர்தான்) இரவும் பகலும் விடாது செலுத்தினார். நாட்கணக்காக அதனைப்பற்றிய செய்தியே இல்லை. தேடிச்சென்ற விமானங்களுக்கும் அது அகப்படவில்லை. மூழ்கிற்றோ எனப் பலரும் அஞ்சியிருந்த வேளையில், 6 நாள் 14 மணி 22 நிமிடத்தில் அதுவே முதலாவதாக ஹோபாட் சேர்ந்தது.

பெரிய படகு இயல்பாகவே விரைந்தோடும். ஆதலின் படகின் அளவு முதலியவற்றைக் கணக்கிட்டு, நேரத்தைத் திருத்தி, வேறொரு வெற்றியும் தீர்மானிப்பது வழக்கம். அவ்வெற்றியும் ‘ராணி’க்கே கிடைத்தது. ஆறுதலாகப் போக விரும்பிய பீற்றர் லூக்கின் ‘வேபேரர்’ வந்துசேர 11 நாளுக்கு மேலாயிற்று! அவர் விரும்பிய உலா அவருக்குக் கிடைத்ததென்றே கொள்ளலாம்.

காணாமற்போன படகு வெற்றியோடு தோன்றிய செய்தி நாடெங்கும் பரவவே, அடுத்த ஆண்டும் பந்தயம் நடந்தது. பின்னர் அது வழக்கமாயிற்று. ஆயினும் முதலாண்டிற் கண்ட புயல் அக்கடலை விட்டு நீங்கியதன்று. 1998இல் வீசிய சூறாவளியில் ஐந்து படகுகள் மூழ்கின, அறுவர் மாண்டனர். அவருள் மூவர் சென்ற படகு ‘வின்ஸ்ரன் சேர்ச்சில்’. 1945இல் ‘ராணி’யோடு புறப்பட்ட ஒன்பது படகுகளுள் அதுவும் ஒன்று.